முழங்கால் தேய்ந்தவருக்கு டிஸ்னி வேர்ல்டு: வாடகை மொபிலிட்டி ஸ்கூட்டர் பற்றிய மதிப்புரை

வீட்டுக்குள்ளும் தெருமுனைக் கடை வரையிலும் சிரமமில்லாமல் நடக்கிறவர்கள்கூட, அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க நேரும் என்பதைக் கேட்டால் சற்றுத் தயங்கத்தான் செய்வார்கள். அது ஒரே பூங்கா அன்று. 1971-இல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம், 1982-இல் வந்த எப்காட், 1989-இல் வந்து இப்போது ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என அழைக்கப்படும் பூங்கா, 1998-இல் சேர்ந்த அனிமல் கிங்டம் என நான்கு பூங்காக்கள் ஒன்றுக்கொன்று வாகனத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கின்றன. எப்காட் மட்டும் ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்புள்ளது. அதன் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கட்டடங்களைப் பார்த்துவர ஒரு சுற்று போனாலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆகிவிடும். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ள எனக்கு, இருநூறு மீட்டர் நடந்தால் உட்கார ஓர் இடம் வேண்டும். மகன் குடும்பத்தோடு அங்கே போனபோது பூங்காவுக்குள் கிடைக்கும் மொபிலிட்டி ஸ்கூட்டரையும் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்தபடி ஓட்டும் சிறிய மின்கல வண்டி), வெளியே தனியார் நிறுவனம் விடுதிக்கே கொண்டுவந்து தரும் ஸ்கூட்டரையும் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தினேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டி தொலைவைத் தீர்த்துவைக்கிறது, ஆனால் சவாரிகளில் ஏறுவதையும் இறங்குவதையும் தீர்த்துவைப்பதில்லை. ஆகையால் அறவே நடக்க முடியாதவரைவிட, கொஞ்சம் நடக்கவும் சில படிகள் ஏறவும் முடிந்தவருக்கே இதனால் முழுப் பயன் கிடைக்கிறது.

நம் குடும்பங்களில் முதலில் எழும் யோசனை ஸ்கூட்டர் அன்று, சக்கர நாற்காலிதான். பையன் தள்ளிக்கொண்டு வருவான் என்பார்கள். அமெரிக்கா வரும் நம் ஊர்ப் பெற்றோர்கள், நன்றாக நடக்கிறவர்களும்கூட, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவியைத் தயங்காமல் கேட்டு வாங்குகிறார்கள். மொழி தெரியாத ஊரில் குடிவரவு அதிகாரிவரை ஒருவர் வழிகாட்டி அழைத்துப்போவது பெரிய ஆறுதல். அதே பெற்றோர்கள் பூங்காவில் தாமே ஓட்டும் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னால், "என்னை நோயாளி ஆக்கிவிட்டாயே" என்று மறுப்பது எனக்கு விளங்காத விந்தை. சக்கர நாற்காலியின் வாடகை ஸ்கூட்டரின் வாடகையில் ஒரு சிறு பங்குதான் என்பது உண்மை. ஆனால் ஃபுளோரிடாவின் வெயிலில் காலை முதல் இரவுவரை ஒருவரை உட்காரவைத்துத் தள்ளுகிறவருக்கு அன்று விடுமுறை இல்லை. தள்ளப்படுகிறவருக்கும் ஒரு குறை உண்டு: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் பின்னால் இருப்பவரே முடிவுசெய்கிறார். ஸ்கூட்டரில் அந்த உரிமை நம் கைக்கு வருகிறது. பேரப்பிள்ளைகள் உயரமான சுழல் சவாரிக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் நான் தனியாகப் போய் வேறொரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். வாடகை கொடுத்தது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

இனி எங்கே வாடகைக்கு எடுப்பது என்ற கேள்வி. நான்கு பூங்காக்களிலும் நுழைவாயிலை ஒட்டி வாடகை நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஸ்கூட்டர் என்று இருக்காது, இ.சி.வி. (எலெக்ட்ரிக் கன்வேயன்ஸ் வெஹிகிள்) என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் தேட வேண்டும். முன்பதிவு கிடையாது, வந்தவர்களுக்கு வந்த வரிசையில் தருகிறார்கள். ஓட்டுகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே உட்காரலாம், மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது. திரும்பக் கிடைக்கும் முன்பணம் ஒன்று வாங்குகிறார்கள். வண்டியைப் பூங்காவின் எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடைசியாகச் சொன்ன இந்த விதிதான் முழங்கால்வலிக்காரர்களுக்கு இடைஞ்சல். வாடகை நிலையத்தை அடையும்வரை, அதாவது வாகன நிறுத்தத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்திலிருந்தோ பாதுகாப்புச் சோதனையைக் கடந்து நுழைவாயில்வரை, நம் கால்களைத்தான் நம்ப வேண்டும். மாலையில், கால்கள் இன்னும் மோசமாக இருக்கும் நேரத்தில், அதே தூரத்தை வண்டியில்லாமல் திரும்ப நடக்க வேண்டும். மேஜிக் கிங்டத்தில் இது மேலும் கடினம். சொந்தக் காரில் வருகிறவர்கள் ஏரிக்கு இக்கரையில் காரை விட்டுவிட்டு மோனோரயிலிலோ படகிலோ அக்கரைக்குப் போக வேண்டும். ஸ்கூட்டர் கொடுக்குமிடம் அக்கரையில்தான்.

வெளி நிறுவனத்திடம் எடுத்தால் வண்டி விடுதிக்கே வருகிறது. அறையிலிருந்து கிளம்பி அறைக்குத் திரும்பும்வரை நம்மோடு இருக்கிறது. பல நாள்களுக்குச் சேர்த்து எடுக்கும்போது ஒரு நாளுக்கான வாடகையும் பூங்காவின் வாடகையைவிடக் குறைவாகவே அமைகிறது. ஆனால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. இரவில் மறக்காமல் மின்னேற்றம் செய்ய வேண்டும். அறைக்கதவுக்குள் வண்டி நுழைய வேண்டும். பழுதானால் தொலைபேசியில் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு வந்த முதல் வண்டியின் மின்கலம் மிகவும் பழையது. காலையில் முழுமையாகக் காட்டிய அளவுமானி பிற்பகலிலேயே கடைசிக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. புகார் சொன்னதும் அன்று மாலையே மாற்று வண்டி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். பூங்காவின் வண்டியாக இருந்திருந்தால் அங்கேயே இன்னொன்றைக் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அன்று முழுவதும் விடவில்லை. வண்டி வந்த அன்றே விடுதி வளாகத்தைச் சிலமுறை சுற்றிவந்து, அளவுமானி எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஓட்டுவது எளிதா என்று பலரும் கேட்கிறார்கள். எளிதுதான், ஆனால் இரு சக்கர வாகனத்தில் பழகிய நம்மவர்களுக்கு ஓர் அபாயம் உண்டு. கைப்பிடியை முறுக்கி வேகம் எடுப்பதும், ஆபத்து என்றால் கைப்பிடியின் நெம்புகோலை இறுகப் பிடித்து நிறுத்துவதும் நம் கைகளுக்குள் ஊறிப்போன பழக்கம். இந்த வண்டியில் நெம்புகோலை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். தனியாகப் பிரேக் என்று ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. விட்டவுடன் மோட்டாரோடு இணைந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது. பயந்துபோய் இறுகப் பிடித்தால் வண்டி நிற்பதற்குப் பதிலாக முன்னால் இருப்பவரின் குதிகாலில் போய் மோதும். ஆகவே கூட்டத்துக்குள் நுழையும் முன், கையைத் திறந்தால் நிற்கும் என்பதைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒரு பக்கம் ஆமையும் மறுபக்கம் முயலும் வரைந்திருக்கும். கூட்டத்துக்குள் ஆமைப் பக்கத்தை விட்டு நகர வேண்டியதே இல்லை. முழு வேகமும் விரைந்து நடப்பவரின் வேகத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை.

இன்னொரு பழக்கமும் குறுக்கே வரும். நாம் இடப்பக்கமாக ஒதுங்குகிறவர்கள். அங்கே கூட்டம் வலப்பக்கமாக ஓடுகிறது. எதிரே குழந்தையை வைத்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய் வரும்போது நான் இடமும் அவர் வலமுமாக ஒரே பக்கம் ஒதுங்கி நேருக்கு நேர் நிற்பது முதலில் அடிக்கடி நடந்தது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: புடவை முந்தானையும் துப்பட்டாவும் பின்சக்கரத்தின் அருகே தொங்கும், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரும்போது செய்வதுபோல இழுத்துச் செருகிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

தரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. மேஜிக் கிங்டத்தின் முகப்பிலுள்ள மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை இழுக்கும் டிராம் வண்டிக்கான தண்டவாளம் தெரு நடுவே பதிந்திருக்கிறது. மூன்று சக்கர வண்டியின் ஒற்றை முன்சக்கரம் சாய்வாகப் போனால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். செங்குத்தாகக் கடந்தால் ஒன்றும் ஆகாது. அனிமல் கிங்டத்தின் ஆப்பிரிக்கப் பகுதியும் ஆசியப் பகுதியும் பழைய ஊர்போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தரையை வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு அழகு, இடுப்புக்கு அவ்வளவு அழகில்லை. இடுப்புவலியும் சேர்ந்திருப்பவர்கள் இருக்கையில் ஒரு திண்டு போட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆனந்தபூர் என்று பெயரிட்ட கற்பனை நாட்டில், பாழடைந்த அரண்மனைச் சுவர்களுக்கு நடுவே புலிகளைப் பார்த்துக்கொண்டு போகும் மகாராஜா ஜங்கிள் ட்ரெக் என்ற நடைபாதை முழுவதையும் வண்டியிலிருந்து இறங்காமலே பார்க்க முடிந்தது. நான்கு பூங்காக்களிலும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மணிநேரம் அதுதான்.

இனி முக்கியமான பகுதி, சவாரிகள். ஸ்கூட்டர் ஓட்டிவருகிறவரைப் பொறுத்தவரை அவற்றை மூன்று விதமாகப் பார்க்கலாம். அரங்க நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு வண்டியோடு உள்ளே போய், அதிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். மேஜிக் கிங்டத்தின் கரௌசல் ஆஃப் ப்ராக்ரஸும் அனிமல் கிங்டத்தின் லயன் கிங் நிகழ்ச்சியும் அப்படிப்பட்டவை. வேறு சிலவற்றில் ஸ்கூட்டரை விட்டுச் சாதாரணச் சக்கர நாற்காலிக்கு மாறினால் அந்த நாற்காலியோடு சவாரிக்குள் ஏற்றிவிடுகிறார்கள்; இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு, ஜங்கிள் குரூஸ் ஆகியவற்றின் தனிப் படகுகளும், கிளிமஞ்சாரோ சஃபாரியின் வண்டியும் இதற்கேற்ப அமைந்தவை. நாற்காலியைச் சவாரியின் வாசலிலேயே தருகிறார்கள்; ஆனால் தள்ளுவதற்கு உடன்வந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் இருந்தால் யாருடைய துணையும் தேவையில்லை என்ற எண்ணம் இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது.

மூன்றாவது வகையில்தான் கொஞ்சமாவது நடக்க முடிவதன் அருமை தெரிகிறது. ஹாண்டட் மேன்ஷன், பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட், பீப்பிள் மூவர், எப்காட்டின் கோளத்துக்குள் செல்லும் ஸ்பேஸ்ஷிப் எர்த் ஆகியவற்றில் ஏற, எழுந்து நடக்க முடிந்தாக வேண்டும். இவற்றின் பெட்டிகள் நிற்பதே இல்லை. ஓடும் பட்டையின் மீது நடந்து, அதே வேகத்தில் நகரும் பெட்டிக்குள் உட்கார வேண்டும். சிலவற்றில் ஊழியரிடம் கேட்டால் பட்டையின் வேகத்தைக் குறைப்பார்கள், தேவையானால் நிறுத்தவும் செய்வார்கள். பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்டில் அதற்கு வழியில்லை. முழங்கால் மடங்காதவர்களுக்கு ஏறுவதைவிடத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்து இறங்குவதே சோதனை. கரீபியக் கடற்கொள்ளையர் படகுச் சவாரியிலும் படகுக்குள் கால்வைத்து இறங்க வேண்டும். ஒவ்வொரு சவாரிக்கும் எந்த விதி என்பதைப் பூங்காவின் கைபேசிச் செயலியில் முதல்நாள் இரவே பார்த்துக் குறித்துக்கொண்டால், வாசல்வரை போய்த் திரும்பும் ஏமாற்றம் மிஞ்சாது. மரத்தின் மேல் கட்டிய ஸ்விஸ் ஃபேமிலி ட்ரீஹவுஸ் முழுக்கப் படிக்கட்டுகள். அதை நான் கீழிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்.

ஸ்கூட்டரில் போனால் வரிசையில் நிற்காமல் முன்னால் போய்விடலாம் என்ற நம்பிக்கை நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. பெரும்பாலான சவாரிகளின் வரிசைப் பாதையே ஸ்கூட்டர் போகும் அகலத்தில் அமைந்திருக்கிறது. மற்றவர்களோடு சேர்ந்து அதே நேரம் காத்திருக்க வேண்டும். பழைய சவாரிகள் சிலவற்றில் பாதை குறுகலாக இருப்பதால் வேறு வாசல் காட்டுவார்கள். அங்கும் காத்திருப்பு உண்டு. காத்திருக்கும் நேரத்தை வரிசைக்கு வெளியே கழிக்க உதவும் டி.ஏ.எஸ். (டிசெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்) என்ற ஏற்பாடு 2013-இல் தொடங்கியது. 2024 மே மாதத்திலிருந்து அது பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. நடக்க முடியவில்லை என்ற காரணம் மட்டும் அதற்குப் போதாது. இதைப் பற்றி அங்கே கடுமையான எதிர்ப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால், முழங்கால்வலிக்காரர்களைப் பொறுத்தமட்டில் இதில் பெரிய அநியாயம் இல்லை: வரிசையில் உள்ள மற்ற எல்லாரும் நிற்கிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன். நீண்ட நேரம் உட்காரவும் முடியாதவர்களின் நிலை வேறு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வளைந்து வளைந்து திரும்பும் வரிசைப் பாதைகளில் நான்கு சக்கர வண்டியைத் திருப்புவதுதான் எனக்கு உண்மையான தொல்லை. மூன்று சக்கர வண்டி சட்டென்று திரும்புகிறது. சரிவிலும் வேகமான திருப்பத்திலும் நான்கு சக்கர வண்டியே அதிகம் அசையாமல் இருக்கிறது. வரிசைகளையே மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பதானால் மூன்று சக்கரம் என்பேன்.

சில சவாரிகளில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது ஒரே நிறம், ஒரே வடிவம் கொண்ட வண்டிகள் வரிசையாக நிற்கும். சில மாதிரிகளில் ஒன்றின் சாவி மற்றொன்றுக்கும் பொருந்திவிடுகிறது. கைப்பிடியில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெயிலில் நின்ற கறுப்பு இருக்கையில் திரும்ப வந்து உட்காருவதற்கு முன் ஒரு துண்டை விரிப்பதும், கோடைக்காலப் பிற்பகல்களில் ஏறத்தாழ நாள்தோறும் வரும் இடிமழைக்கு இருக்கையையும் கைப்பிடிப் பலகையையும் மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வைத்திருப்பதும் அவசியம். முன்கூடை இருப்பதால் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோவது சுலபம்; கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் வெளி உணவைக் கொண்டுவர அனுமதி உண்டு. புளியோதரைப் பொட்டலம் இருந்த கூடையைப் பாதுகாப்புச் சோதனையில் திறந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

போக்குவரத்து ஏற்பாடுகளைப் பாராட்டாமல் விடக் கூடாது. விடுதிகளுக்கும் பூங்காக்களுக்கும் இடையே ஓடும் டிஸ்னிப் பேருந்துகள் எல்லாவற்றிலும் வண்டியோடு ஏறும் வசதி இருக்கிறது. ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கி, வண்டிக்காரரை முதலில் ஏற்றி, வண்டியைப் பட்டைகளால் தரையோடு பிணைத்த பிறகுதான் மற்றவர்களை ஏற்றுகிறார். பொதுவாக ஒரு பேருந்தில் இரண்டு வண்டிகளுக்குத்தான் இடம். இரவில் பூங்கா மூடும் நேரத்தில் நமக்கு முன்னால் மூன்று ஸ்கூட்டர்கள் நின்றால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வண்டியின் அளவு 48 அங்குல நீளத்துக்கும் 32 அங்குல அகலத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பதை வெளி நிறுவனத்திடம் எடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்வது நலம். நெருக்கமான பேருந்துக்குள் பின்னோக்கித் திருப்பி நிறுத்துவது எனக்குக் கடைசிவரை சிரமமாகவே இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சம் வேறு. 2019-இல் தொடங்கிய ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டி இதைவிட இனிமையானது. மற்றவர்கள் நகரும் பெட்டியில் தாவி ஏறும்போது, நமக்கென்று தனித் தடத்தில் பெட்டியை முழுவதுமாக நிறுத்திவைக்கிறார்கள். வண்டியை நேராக உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய இரண்டு பூங்காக்களுக்கும் சில விடுதிகளுக்கும் மட்டுமே அது போகிறது. ஆகவே முழங்கால்வலிக்காரர் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, நீச்சல்குளத்தைப் பார்ப்பதற்கு முன் ஸ்கைலைனர் நிலையம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சகமனிதர்களின் நடத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊழியர்கள் எவரும் "உங்களுக்கு என்ன நோய்" என்று கேட்கவில்லை. 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஊறிய நாட்டில் அந்தக் கேள்வியே அநாகரிகம். பார்வையாளர்கள் அப்படியில்லை. ஸ்கூட்டரிலிருந்து எழுந்து நான்கு அடி நடந்து சவாரியில் ஏறினால், நடக்க முடிகிறவருக்கு எதற்கு வண்டி என்று கேட்கும் பார்வைகள் முதுகில் விழும். கைபேசியைப் பார்த்தபடி குறுக்கே நடப்பவர்களும், வண்டிக்கு முன்னுள்ள இடைவெளியை வழி என்று நினைத்துப் புகும் குழந்தைகளும் ஓயாமல் வருவார்கள். ஒலிப்பானை அழுத்தினால் திட்டுகிறார்கள். "எக்ஸ்கியூஸ் மீ" என்று குரல் கொடுத்தால் விலகுகிறார்கள். அணிவகுப்பு பார்க்கச் சக்கர நாற்காலிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் முந்தி வந்தவர்களுக்கே. வாணவேடிக்கை முடிந்தவுடன் கூட்டத்தோடு வெளியேற மட்டும் முயல வேண்டாம். இருட்டில், பின்னோக்கி நடப்பவர்களுக்கும் தூங்கும் குழந்தைகளைச் சுமந்து வருபவர்களுக்கும் நடுவே வண்டி ஓட்டுவது உண்மையிலேயே ஆபத்தானது. கடைகள் இன்னும் சிறிது நேரம் திறந்திருக்கும், உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம்.

ஒரே பூங்காவுக்கு, ஒரே நாள் மட்டும், உறவினர் காரில் நுழைவாயில் அருகே இறக்கிவிடுவார் என்றால் பூங்காவின் வண்டியே போதும். காலையில் பூங்கா திறக்கும் முன்பே போய்விட வேண்டும், ஏனெனில் கூட்டமான நாள்களில் வண்டிகள் தீர்ந்துவிடுகின்றன. அதற்கு மேற்பட்ட நாள்கள் என்றால் வெளி நிறுவனத்தின் வண்டிதான் என் தேர்வு. முதல் நாளுக்கு எப்காட்டை வைத்துக்கொள்ளுங்கள்: பாதைகள் அகலமானவை, தரை வழவழப்பானது, ஏரியைச் சுற்றி ஓட்டிப் பழகவும் இடம் உண்டு. தண்டவாளமும் தள்ளுவண்டிகளும் நிறைந்த மேஜிக் கிங்டத்தை, வண்டி கைக்குப் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். கைவிரல்களிலும் மூட்டுவாதம் உள்ளவர்கள் மட்டும், நாள் முழுவதும் நெம்புகோலை அழுத்திப் பிடித்திருக்க முடியுமா என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விரல் ஒத்துழைக்காது என்றால், தள்ளுவதற்கு இருவர் முறைவைத்துக்கொள்ளும் சக்கர நாற்காலியே அவர்களுக்குப் பொருந்தும்.